கடலில் நிற்கும் கார்

உலான்பாத்தரில் எந்தத் தெருவில் நிறுத்தினாலும்
என் கார் கடலில்தான் நிற்கிறது.
திரை முழுக்க நீலம்,
நடுவே ஒரு சிவப்பு அம்பு,
மேல் மூலையில் ஜப்பானின் கரையோரம்
கடித்து வைத்த ரொட்டித் துண்டாய்.

பழைய பிரியஸ். கப்பலில் வந்தது, பிறகு ரயிலில்.
மைத்துனன் பாட்சூஜ் டயரை உதைத்துப் பார்த்து
"எடு" என்றான், எடுத்தேன்.
ஸ்டியரிங் வலப்பக்கம்; எங்கள் சாலையும் வலப்பக்கம்.
முந்த வேண்டுமானால்
பக்கத்துச் சீட்டுச் சவாரியைக் கேட்க வேண்டும்:
எதிரே லாரி வருகிறதா?
இல்லை என்றவர்களை நம்பி
இதுவரை உயிரோடிருக்கிறேன்.

எழுத்து ஒன்றும் புரியாது. எண்கள் புரியும்.
வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர்
(கோடையில் இருபத்திரண்டு என்று பீற்றிய அதே வாய்).
ட்ரிப் ஏ பெட்ரோலுக்கு:
நிரப்பியதும் அழுத்திப் பிடித்துப் பூஜ்ஜியமாக்குவேன்.
ட்ரிப் பி-யை நான் தொட்டதே இல்லை.
ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது வரை போய்
நரந்தூல் சந்தை வாசல் நெரிசலில் ஒரு நாள்
தானாகவே பூஜ்ஜியத்தில் உட்கார்ந்துகொண்டது.
பின்னால் ஹாரன் அடித்தவனுக்கு அது தெரியாது.

கடிகாரம் ஒரு மணி முந்தி ஓடும்.
ஒன்றைக் கழித்தால் என் நேரம்.
மூன்று குளிர்காலமாய்க் கழித்துக் கழித்து
கணக்கு கண்ணுக்குள்ளேயே போய்விட்டது.

பொத்தானை அழுத்தியதும்
ஒரு பெண் குரல் ஒரு வாக்கியம் சொல்லும்.
அவ்வளவு பணிவு.
என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.
"நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்றிருக்கும் என்று
நானும் தலையாட்டுவேன்: "ஸா, ஸா."

நேற்று ஏறியவள் நோமூன்.
சப்போரோவில் ஆறு வருடம் பல் மருத்துவம் படித்தவளாம்.
பங்கில் நிறுத்தி மறுபடி கிளப்பியபோது
குரலைக் கேட்டுச் சிரித்தாள், நிறுத்தவே முடியவில்லை.
அக்கா, அது என்ன சொல்கிறது தெரியுமா?
"அட்டை செருகப்படவில்லை."
என்ன அட்டை?
அங்கே நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டுகிற அட்டை.

மூன்று குளிர்காலம்.

அமைதிப் பெருவீதியில் ஒரு சக்கரமும் நகரவில்லை.
அவள் கையுறையைக் கழற்றித் திரைக்குள் நுழைந்தாள்.
வெளிச்சத்தைக் குறைத்தாள்.
கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினாள்.
குரலை நிறுத்தவா என்றாள். வேண்டாம் என்றேன்.
பிறகு ஒரு சின்ன வீட்டுப் படம். தொட்டாள்.
நீகாட்டாவில் ஒரு முகவரி.
"பழைய சொந்தக்காரர் வீடு போல.
இங்கிருந்து வழி இல்லை என்கிறது. அழிக்கவா?"

யாரோ ஒருவர், வேலை முடிந்த இரவுகளில்,
அந்தப் படத்தைத் தொட்டிருப்பார்,
கண்ணை மூடினாலும் போகத் தெரிந்த வீட்டுக்கு
வழி கேட்டு.
அழி என்றேன்.
அவள் விரலைப் பார்க்கவில்லை,
முன்னால் நின்ற பஸ்ஸின் புகையைப் பார்த்தேன்.

"உங்கள் வீட்டைப் போடட்டுமா?
இந்த வரைபடத்தில் நம் ஊரே இல்லையே."
அம்பு நிற்கிற இடத்தில் போடு.

நடுக்கடலில் கூரையோடு ஒரு வீடு முளைத்தது.

இறங்கும்போது நீட்டிய காசை வேண்டாம் என்றேன்,
பிறகு வாங்கிக்கொண்டேன்.
பெட்ரோல் யார் போடுவது?

இன்று கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.
பழக்கத்தில் ஒன்றைக் கழித்தது நான்தான்.
பள்ளிக் காவலர் அறையில், ஹீட்டரோடு ஒட்டி,
ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள் அனார்.
ஏறினாள். ஒரு வார்த்தை இல்லை.
பையை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தினேன்.
அட்டை செருகப்படவில்லை என்றது கார்,
அதே பணிவோடு.

"ஸா" என்றாள் மகள்,
எனக்கு முன்னால்.