உள்ளே விட்ட துணி

முப்பத்தாறு என்று எழுதி
அடித்துவிட்டு
மறுபடி முப்பத்தாறு என்றே எழுதினாள் ஜெஸிந்தா அக்கா.
அளவு நாடா இடப்பக்கம் வந்ததும்
அவள் விரல் நின்றுவிட்டது.
"பட்டாணி மாதிரி இருக்கே, எத்தனை நாளா?"
குளிக்கும்போதெல்லாம் தெரியும் எனக்கு.
பத்திரிகை அடிக்கட்டும், மண்டபம் பேசட்டும் என்று
தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.
"ப்ளவுஸ் காத்திருக்கும். நீ முதல்ல கீழே போய்ட்டு வா."

கீழே என்றால் குன்னூரில் கோயம்புத்தூர்.
பட்டு எடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.
பொய் இல்லை அது.
காலையில் ஊசிமுனையில் சதை எடுத்தார்கள்
மதியம் பட்டு எடுத்தேன்.
பஞ்சும் பிளாஸ்திரியும் உள்ளே உறுத்த
கடைப்பையன் தோளில் முந்தானையைப் போட்டுக் காட்ட
அரக்கா மாம்பழ மஞ்சளா
நாலே நிமிடம்.
"இவ்வளவு சீக்கிரம் கல்யாணப் புடவை எடுத்தவங்கள
நான் பார்த்ததே இல்லக்கா."

திரும்பும் பேருந்தில் யோகராசாவுக்கு டூட்டி.
கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும்
சில்லறை எண்ணி வாங்கி டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர்.
பதினாலு கொண்டை ஊசி வளைவு.
மூன்றாவதில் சொன்னேன்.
"தேதியத் தள்ளி வெச்சுக்கலாமா" என்றான்.
எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.
அவனுக்கே பிடிக்கவில்லை போல.
விசிலை வாயில் வைத்தவன்
ஊதாமலே நின்றான் ரொம்ப நேரம்.

பர்லியாறில் வண்டி நின்றபோது
மங்குஸ்தான் வாங்கி வந்தான், மூன்று.
"அடியில பாரு, பூ மாதிரி.
இதழ் எத்தனையோ உள்ள சுளை அத்தனை.
உடைக்காமலே சொல்லிடலாம்."
ஆறு என்றான். உடைத்தான். ஆறு.
அடுத்ததை நான் எண்ணினேன்.
ஐந்து. உடைத்தால் ஐந்து.
மூன்றாவதை இருவரும் எண்ணவில்லை.
என் மடியில், பட்டுப்பையின் மேல்
திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டுகொண்டிருந்தது அது.
"வலிக்குதா?"
குன்னூர் வந்தபிறகுதான் கேட்டான்.

ஒன்பது நாள்.
பச்சைத் தேயிலை எடை போட்டு எழுதுவது என் வேலை.
ஒன்பது நாளும் கிலோ ஒன்றும் தப்பவில்லை,
பேர்தான் தப்பியது.
செல்லக்கண்ணு பறித்த கொழுந்தெல்லாம்
பாக்கியம் கணக்கில் ஏறிப்போய்
இரண்டு பேரும் என்னைத் திட்டினார்கள்.
திட்டியது நன்றாக இருந்தது.

பத்தாம் நாள் போனில் ஒரு பெண் குரல்.
"சுகந்தி, முப்பத்துநாலு வயசு, நீங்கதானே?"
கெட்டது இல்லையாம்.
ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கணுமாம்.
தேங்க்ஸ் என்று சொல்லி வைத்துவிட்டு
நாப்பத்திரண்டரை என்று எழுதினேன்.
அழுகை வரவில்லை.
சாயங்காலம் அச்சகத்தில் வந்தது.
முதல் பிரதியில் என் பேரின் கடைசியில்
கொக்கி விட்டுப்போயிருந்தது:
சுகந்த.
"இதுக்கெல்லாமா அழுவாங்க,
ஒரு நிமிஷம்மா, போட்டுர்றேன்."

முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால்
ப்ளவுஸைப் போட்டுப் பார்த்தேன். கச்சிதம்.
கழற்றித் திருப்பினால்
பக்கத்துக்கு இரண்டு விரல் துணி
மடித்து உள்ளே விட்டிருந்தாள்.
"எதுக்குக்கா இவ்வளவு?"
"பிரிச்சு விட்டுக்கலாம். உடம்பு இப்படியேவா இருக்கும்?"

கொக்கி மட்டும் கொஞ்சம் நகர்த்தணும், மறுபடி போடு என்றாள்.
தை மாசம் திரும்பப் போகணும்க்கா என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் வாயில் நாலைந்து குண்டூசி.
ம் என்றுகூடச் சொல்ல முடியாது.
கையைத் தூக்கு என்று கண்ணால் காட்டினாள்.

தூக்கினேன்.
இடது கையையும்.