முச்சந்தி

ஏழாம் நாள் தண்ணீரில்
சீசியம் இருந்தது.
ஆளைக் கொல்லும் அளவில்லை.
இவ்வளவுதான் கசியும் என்று நான் எழுதிக்கொடுத்ததைவிட
பதினோரு மடங்கு.

லூக்காஸ் ஹைட்ஸில் அன்று யூகலிப்டஸ் புகை.
கோடைக்கு முன்பே புதர்களை எரித்துக்கொண்டிருந்தார்கள்
வொரனோரா ஆற்றுப் பக்கம்.
ஜன்னலைச் சாத்திவிட்டு
வில்லையை அறுத்தேன்,
முகம் தெரியத் தேய்த்தேன்,
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.

மணி மணியாய் டைட்டனேட்.
சுவரோடு சுவர் ஒட்டிய தெரு.
ஹாலண்டைட்டின் ஒடுங்கிய சந்துகளில்தான்
சீசியத்துக்கு வீடு பார்த்திருந்தோம்
முந்நூறு வருடக் குத்தகைக்கு.

மூன்று மணிகள் கூடும் முச்சந்தியில்
ஒரு கறுப்பு.
கடுகில் ஆயிரத்தில் ஒன்று.
அடுத்த முச்சந்தியிலும்.
அதற்கடுத்ததிலும்.
நிறமாலை எடுத்துப் பார்த்தால் சிலிக்கா,
வெறும் மணல்.
உருகிக் கண்ணாடியாகி
சீசியத்தை வீட்டிலிருந்து வெளியே அழைத்து
மடியில் வைத்திருக்கிறது.
தண்ணீர் வந்து கேட்டால் கொடுத்துவிடுகிறது,
அவ்வளவுதான் அதன் குற்றம்.

எங்கிருந்து வந்தது?
மார்கோ வெல்லா கொள்முதல் கோப்பைத் திறந்தான்.
மார்ச்சில் மூட்டை மாறியிருக்கிறது.
கிலோவுக்கு நாற்பது சென்ட் மிச்சம்.
ஒப்புதல் கையெழுத்து
அழகாக, அவசரமே இல்லாமல்,
என்னுடையது.

'குடம் பாலில் துளி நஞ்சு' என்று
அறிக்கையைத் தொடங்கி
அழித்தேன்.
இங்கே பால்தான் நஞ்சு.
துளி, கடற்கரையிலிருந்து வந்து
வாசலில் உதறுகிற மணல்.

"பழைய மூட்டைக்கே போய்விடலாம்" என்றான் மார்கோ.
போகலாம்.
ஆனால் தொட்டியில் இருக்கிற அசல் கழிவு
குளித்துவிட்டா வரப்போகிறது?
குழாயின் துரு, கழுவிய சோடா,
யாரும் குறித்துவைக்காத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
எல்லாம் அதில் கரைந்திருக்கும்.
சுத்தமான பொடியில் ஜெயித்த கல்லை
எந்த மலைக்கு அடியில் புதைப்பது?

அதனால் இந்த முறை
மணலைத் தெரிந்தே போட்டேன்.
அரை விழுக்காடு. ஒன்று. இரண்டு.
எந்த இடத்தில் இந்தக் கல்
பேச்சு மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

உலையை ஏற்றும்போது மணி ஆறு தாண்டிவிட்டது.
மார்கோ கையுறையைக் கழற்றினான்.
உள்ளங்கை முழுக்க வியர்வை.
"உப்பு" என்றேன்.
"அதையும் பட்டியலில் சேர்" என்றான், சிரிக்காமல்.

சேர்த்திருக்கிறேன்.
சோடியம்:
அளவு தெரியாது.