எதிர்வரிசை

மூன்று மாதமாக
இடது முன்சக்கரத்துக்குள்ளிருந்து
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
குழி வந்தால் ஒரு தட்டு,
வேகத்தடை வந்தால் இரண்டு.
ரேடியோவைக் கூட்டிவைத்துக்கொண்டேன்.

சாட்ஸ்வர்த்தில் சமதளம் என்று ஒன்று கிடையாது.
எங்கள் தெருவில்
மேல்வீட்டு வாசலும் கீழ்வீட்டுக் கூரையும்
ஒரே மட்டம்.
இறக்கத்தில் காரின் முழுப் பாரமும்
முன்காலில்தான்.

கராஜில் சாக்ரன் டார்ச் அடித்துப் பார்த்தான்.
'பால் ஜாயிண்ட் போச்சு. புஷ்ஷும் போச்சு.'
துக்கம் விசாரிக்கிற குரல்.
பிறகு தொகையைச் சொன்னான்.
அந்தக் குரல் எனக்காகத்தான் போல.

சாமானை மட்டும் வாங்கி வந்தேன்:
உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் குமிழ் ஒன்று,
ரப்பர் வளையம் இரண்டு,
சின்னப் பிளாஸ்டிக் உறையில்
கொண்டை ஊசி மாதிரி ஒரு பின்.

பெயிண்ட் கம்பெனியில்
இருநூற்றுப் பதினான்கு பேர் சம்பளம்
என் விரல் நுனியில்.
ஆனால் மல்லாந்து படுத்துவிட்டால்
நட்டு எந்தப் பக்கம் கழலும் என்பது
மறந்துபோகிறது.

ஞாயிறு. முற்றம்.
ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்ட் வைத்தேன்.
ஸ்டாண்டையும் நம்பாமல்
கழற்றிய சக்கரத்தைக் கிடத்தி
அடியில் தள்ளினேன்.
சக்கரம் இருந்த இடத்தில்
சேறு, கிரீஸ்,
இருபது வருஷத்துக் கடற்காற்றின் துரு.
பார்க்கக் கூடாததைப் பார்த்தவள் மாதிரி
ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கையேட்டில் அந்தப் பக்கம்
எப்போதோ நனைந்து ஒட்டிப்போயிருந்தது.
உரித்ததில் கடைசி வரி மட்டும் மிச்சம்:
கழற்றியதற்கு எதிர்வரிசையில் பூட்டவும்.

பழைய பின் மூன்று துண்டாக வந்தது.
நட்டு வந்தது.
குமிழ் வரவில்லை.
இழுத்தேன். நெம்பினேன். உதைத்தேன்.
தெரிந்த வசவெல்லாம் வைதேன்:
தமிழில் மூன்று, ஜூலுவில் ஒன்று,
மீதி ஆப்ரிக்கான்ஸ்.

ஜூலு வசவைக் கேட்டுத்தான்
வேலிக்கு அந்தப் பக்கம்
துணி உலர்த்திக்கொண்டிருந்த தொபேகா எட்டிப் பார்த்தாள்.
'என் அண்ணன் இழுக்கமாட்டான்.
பக்கவாட்டில் அடிப்பான்.'
'நீ அடித்திருக்கிறாயா?'
'இல்லை. சுத்தியல் கொடு.'

முதல் அடி ஸ்டாண்டில் பட்டது.
இரண்டாவது என் கட்டைவிரலை ஒரு நூலில் தவறவிட்டது.
மூன்றாவதில்
டங்.
பிடித்து வைத்திருந்ததையெல்லாம்
ஒரே நொடியில் விட்டுவிட்டது கார்.
நாங்கள் இருவரும் பின்னால் துள்ளி
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான்
குரங்கு இறங்கி வந்தது.
மிட்டாய் என்று நினைத்ததோ என்னவோ,
பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு
அவகாடோ மரத்தில் ஏறிவிட்டது.
வாழைப்பழம் காட்டினோம்.
வந்து பழத்தையும் வாங்கிக்கொண்டது.

எதிர்வரிசையில் பூட்டவும்.
அப்படியென்றால்
முதலில் குரங்கு திருப்பித் தர வேண்டும்.

எல்லாம் பூட்டியாயிற்று, பின் மட்டும் இல்லை.
ஒரு கம்பியை வளைத்துச் செருகிவிடலாம்
என்றார் அந்த வழியாகப் போனவர்.
ஹிகின்சன் சாலையின் இறக்கத்தை நினைத்துப் பார்த்தேன்.
திங்கள் காலை
இரண்டு ரேண்ட் பின்னுக்காக
மினிபஸ் டாக்சியில்
யாரோ ஒருத்தியின் முட்டைக்கோஸ் மூட்டையை
மடியில் ஏந்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கடைக்காரன் ஒற்றையாகத் தரமாட்டானாம்.
இருபது கொண்ட பாக்கெட்.
பத்தொன்பது இப்போது
ஆபீஸ் மேஜையில், பேனா டப்பாவுக்குள்.

செவ்வாய் மாலை.
தொபேகா பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு
சாமி கும்பிடுகிறவள்போலக் கண்ணை மூடினாள்.
ஆஸ்பத்திரி வளைவில் அந்தப் பழைய குழி.
ரேடியோவை அணைத்தேன்.
இறங்கியது. ஏறியது.
யாரும் தட்டவில்லை.

ஸ்டியரிங் மட்டும்
சொன்னது காதில் விழாதவர் மாதிரி
தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டிருக்கிறது.
அலைன்மெண்ட் சனிக்கிழமை.
அதுவரை
கொஞ்சம் கோணலாகப் பிடித்தால்
நேராகப் போகிறது.