இதர

போன மாத சர்வீஸ் பில்லில்
ஆயில் விலை புரிந்தது, ஃபில்டர் விலை புரிந்தது.
'இதர' என்று போட்டிருந்த எழுநூற்று நாற்பது மட்டும்
புரியவில்லை.
கேட்டதற்கு
ஏசி அறையில் உட்காரச் சொல்லி
டீ கொடுத்தார்கள்.

அதனால்தான் ஞாயிறு காலை
பழைய ஆல்டோவின் அடியில் மல்லாந்து கிடந்தேன்,
வாயில் டார்ச், நெஞ்சில் மின்கட்டண அட்டை.
அதன் பின்பக்கத்தில் எழுதினேன்:
பேட்டரி முனை பத்து.
அதன் தாங்கி பத்து. இன்னொன்றும் பத்து.
இது பன்னிரண்டோ? அழுக்கைத் துடைத்தால் பதினான்கு.
ஆயில் இறக்கும் போல்ட் பதினேழு.
சக்கரம் பத்தொன்பது.

அளப்பது என் பிழைப்பு.
ஓசூரில் எட்டு மணி நேரம்
யாரோ கடைந்த பல்சக்கரங்களை வெர்னியரில் பிடித்துப் பார்த்து
தேறாததைச் சிவப்புத் தொட்டியில் போடுகிறவள்.
என் காரை மட்டும்
இத்தனை நாள் அளக்கவில்லை.

பழையபேட்டை முனவ்வர் பாய் கடையில்
முதலில் வந்தது நாற்பத்தாறு உருப்படிப் பெட்டி.
அறுநூற்றைம்பது.
திறந்தால் பல் டாக்டர் தட்டுபோல் மினுக்கம்.
நாலு, நாலரை, ஐந்து, ஐந்தரை என்று ஏறி
பதினான்கில் மூச்சு நின்றுவிட்டது.
மிச்சமெல்லாம் திருப்புளி நுனிகள்.
நாலரைக்கு என் காரில் வேலையே இல்லை.
பதினேழுக்கு இந்தப் பெட்டியில் இடமே இல்லை.

அடுத்தது நூற்றெட்டு உருப்படி,
நாலாயிரத்து இருநூறு.
"நூற்றெட்டு அர்ச்சனைக்கு ஆகும் பாய்,
எனக்கு நாலு போதும்."

கைப்பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து
கல்லாவின் மேல் வைத்தேன்.
என் கொழுந்தனார் முனிரத்தினம்
பன்னிரண்டு முனை சாக்கெட்டை மாட்டி
காலால் மிதித்துத் திருகியது.
ஆறு மூலையும் தேய்ந்து
சப்பித் துப்பிய மிட்டாய்போல் இருந்தது.

பாய் அதை விரலிடுக்கில் ஒருமுறை உருட்டினார்.
எதுவும் கேட்கவில்லை.
கீழ்த்தட்டில் குனிந்து
கிரீஸ் தாளில் சுற்றிய உதிரிகளை எடுத்து வந்தார்.
"ஆறு முனைம்மா. இது மூலையைப் பிடிக்காது,
பக்கத்தைப் பிடிக்கும்."

மூலையைப் பிடித்தே திருகுகிறவர்கள்
எங்கள் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள்.
அதை பாயிடம் சொல்லவில்லை.

வெர்னியரை வெளியே எடுத்ததும் கடைப்பையன் சிரித்தான்.
பத்தொன்பதின் வாய் பத்தொன்பது புள்ளி ஒன்று.
தேறியது.
பதினேழில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்,
வேறு எடுத்தான். சிரிக்கவில்லை.

ராட்செட்டில்தான் காசு போனது.
இரண்டைக் காதருகே வைத்துச் சுழற்றினேன்.
இருபத்துநாலு பல், கரகரவென்று
வழக்குக்கு வந்தவன் மாதிரி.
எழுபத்திரண்டு பல்,
கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தம்.
இன்ஜின் இடுக்கில் கை ஆட இடம் ஏது?
முந்நூற்றறுபதை எழுபத்திரண்டால் வகுத்தேன்.
ஐந்து டிகிரி அசைந்தால் போதும்,
அடுத்த பல் பிடித்துக்கொள்ளும்.
எண்ணூற்றைம்பது. பேரம் பேசவில்லை.
பெட்டி வேண்டாம் என்றதற்கு
ஐம்பது அவரே குறைத்தார்.

அன்று மாலையே
பழைய பெயிண்ட் டப்பாவில் கறுப்பு ஆயில் இறங்கியது.
புதுப் போல்ட், பதினேழு, அளவாக ஓர் இறுக்கு.
முனிரத்தினம் வாசலில் நின்று பார்த்துவிட்டு
உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

கடைசியாக பேட்டரி முனை.
பத்து, எண்ணெய்க் கையிலிருந்து வழுக்கியது.
டிங்.
டிங்.
பிறகு ஒன்றுமில்லை.
தரையில் விழவும் இல்லை.
காந்தம் கட்டிய கம்பியை விட்டுத் துழாவினேன்,
காரைக் குலுக்கினேன்,
கெட்ட வார்த்தைகூட ஒன்று சொன்னேன்.

மறுநாள் ஓசூர் போகையில்
சூளகிரிப் பக்கம் ஒரு வேகத்தடை.
டிங்.
பக்கத்து சீட்டில் லீலாவதி,
"என்னடி அது?"

"இதர," என்றேன்.