பழுதுக் கணக்கு

தகாசூத்தில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பது
ஒரே ஒரு கடை. என்னுடையது.
கோழிக்கூண்டுக்கும் எரிவாயு உருளைக் கிடங்குக்கும் நடுவே.
உடைந்த அலைப்பலகைகள் வாசலில் சாய்ந்து நிற்கும்,
பல் பிடுங்க வந்தவர்களைப் போல
ஒன்றையொன்று பாராமல்.

எங்கே போனீர்கள் என்று நான் கேட்பதில்லை.
கேட்டால் எல்லாரும் ஆங்கர் பாயின்ட் என்பார்கள்.
பலகையைத் திருப்பிப் போட்டால் போதும்.

ஓரத்தில் சிப்பி கீறிய கோடுகள்,
பூனை நகம் பட்டாற்போல் மூன்று நான்கு:
ஆங்கர்தான், பொய்யில்லை.
சனவரியில் வடமேற்கிலிருந்து கடல் வீங்கி வரும்போது
முனையைச் சுற்றி மடிந்துகொண்டே போகும் அலை.
கால் கடுக்கும்வரை நிற்கலாம்,
நிற்க இடம் கிடைத்தால்.
நாற்பது பேர் காத்திருப்பார்கள்,
அதில் முப்பது பேருக்கு அடுத்த அலை தன்னுடையது.

துடுப்பு வேரோடு பிடுங்கி, குழியில் மணல்:
பனோரமாஸ். ஆழம் இருப்பதாய் நம்பவைத்து
கடைசி நொடியில் தரையைக் காட்டும்.

ஒரு கீறலும் இல்லாமல் நடுவே இரண்டாய் மடிந்தது
கில்லர் பாயின்ட்.
செங்குத்துப் பாறைக்கு அடியில்
வெகுதூரம் கையால் துழாவிப் போக வேண்டும்.
போய்ச் சேர்ந்தவனை அலை வரவேற்காது.
எடைபோடும்.

வாழைக் கடற்கரையில் பலகையைக் கடல் உடைக்காது,
பக்கத்துப் பலகைதான் உடைக்கும்.
மூக்கில் ஒரு பள்ளம்,
அதில் யாருடைய நீலச் சாயமோ ஒட்டியிருக்கும்.
நேற்று ஒரு ஜெர்மன் வரித்துறைக்காரர்
அந்த நீலத்தோடு வந்து
"ஆங்கர். இரண்டு ஆள் உயரம்" என்றார்.
பார்த்தாலே தெரிகிறது என்றேன்.
பொய்க்குத் தனியாக நான் காசு வாங்குவதில்லை.

இத்தெரின் பலகை வியாழக்கிழமை வந்தது.
வந்தது என்பது தவறு.
தார்ப்பாய்க்கு அடியில் ஒளிந்திருந்தது.

தோள் கிழிந்ததிலிருந்து ஆறு மாதமாய் என் கணவன்
வாழைக் கடற்கரையின் இடுப்பளவு நீரில் நின்று
பயணிகளைப் பலகையோடு தள்ளிவிடுகிறான்.
வேறெங்கும் போவதில்லை என்று
என் ரெசின் வாளிமேல் கை வைத்துச் சொன்னவன்.

அடிப்பக்கத்தில் விரல் நுழையும் பிளவு.
நுரை உப்புநீர் குடித்து
பழைய வெண்ணெய் நிறத்தில் ஊறிக் கிடந்தது.
இடுக்கியால் கிளறினேன்.
கடல் முள்ளெலியின் முள் இரண்டு.
அது எங்கும் உண்டு, விட்டுவிடலாம்.
அப்புறம், நகக்கண் அளவு
துரு.

எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம்
கடலுக்குள் இரும்பு இருப்பது ஓரிடத்தில்தான்:
என்றோ உடைந்த கப்பலின் கொதிகலன்
பாறைமேல் குந்திக்கொண்டிருக்கும் பாய்லர்ஸ்.
காற்று கன்னத்தில் அறையும். அலை அவசரக்காரி.
உள்ளே போகும் வழியை நாம் தேர்ந்துகொள்ளலாம்,
வெளியே வரும் வழியை
அன்றைக்குக் கடல் சொல்லும்.

இரவு ரொட்டியை இடக்கையால் பிய்த்தான்.
வகுப்பு எப்படி என்றேன்.
சும்மாதான் என்றான்.
சும்மா சொன்ன வாயோரத்தில்
ஆறு மாதமாய் காணாமல்போன ஒன்று
திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.
குழம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.
கோபப்பட வைத்திருந்த சொற்கள்
வாயில் ஆறிப்போயின.

மூன்று நாள் வெயிலில் காயவைத்து
பிளவை அடைத்து, தேய்த்து, தேய்த்து,
விரலுக்கே தெரியாமல் மூடினேன்.
துருவை மட்டும் எறிய மனம் வரவில்லை.
மேற்பக்கம், அவன் பின்னங்கால் பதியும் இடத்தில்
ஒரு சொட்டு ரெசினுக்குள் வைத்தேன்.
எத்தனை மெழுகு பூசினாலும்
குதிகாலுக்குத் தட்டுப்படும்.

கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
இத்தெர். பாய்லர்ஸ். இருநூற்றைம்பது திர்ஹம்.
குடும்பத்தாருக்குத் தள்ளுபடி இல்லை.