பதினொரு படங்களுக்கு இடம்

இரவு பதினொன்றே கால்.
பீல் நகரத்து நான்காம் மாடிச் சமையலறையில்
புட்டுக்கு மா நிறுக்கிற தராசில்
லென்சுகளை ஏற்றி இறக்குகிறேன்.

எழுபது இருநூறு:
ஆயிரத்து நானூற்று எண்பது கிராம்.
ஏழாம் மாதத்தில் அவசரப்பட்டுப் பிறந்த மகன்
இதே எடைதான் இருந்தான்.
இப்போது பக்கத்து அறையில்
ஆறடி நீளத்துக்குக் குறட்டை.

முதுகில் ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றிருக்கிறார்
முழங்கால் டாக்டர்.
தண்ணீர் ஒன்றரை, சாப்பாடு ஒன்று, மழைச்சட்டை அரை,
கமரா தனி.
மிச்சத்தில் யார் வருவது?

பதினான்கு வருசம்.
இவை கண்டதெல்லாம் மண்டபங்கள்.
கல்யாணம், சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள்.
மணவறைக்குப் பின்னால் கட்டுகிற
அச்சடித்த பனிமலையைத்தான்
மலை என்று நம்பியிருக்கின்றன.
அசல் மலை ஜன்னலுக்கு வெளியே நிற்கும்.
வெளிச்சம் கெடுக்குது, திரையை இழுத்து மூடுங்கோ என்று
ஒவ்வொரு முறையும் சொன்னது நான்தான்.

பதினாறு முப்பத்தைந்து
சின்ன மண்டபத்தைப் பெரிதாக்கித் தரும்.
ஓரத்தில் நின்ற மாமிமாரையும் பெரிதாக்கி
எனக்கு ஏச்சு வாங்கித் தரும்.

எண்பத்தைந்து, முகம் மட்டுமே படித்தது.
தாலி ஏறும் நொடியில்
பெண்ணின் தகப்பன் எந்தப் பக்கம் திரும்புவார் என்று
அதற்குத் தெரியும்.
மலை எந்தப் பக்கம் திரும்பும்?

பெரியவன் தூணுக்குப் பின்னாலிருந்து
கண்ணீர் திருடுகிறவன்.
தூரத்துச் சிகரத்தை அவனால் மட்டும்தான் இழுக்க முடியும்.
வைத்தேன். எடுத்தேன்.
துவாய்க்குள் சுற்றி மறுபடி வைத்தேன்.

"மலை எழும்பி ஓடாது. வந்து படுங்கோ"
என்றாள் வதனி, கதவடியில் நின்று.
துவாய்ப் பொட்டலத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சொல்லாதது இரண்டு கிலோ இருக்கும்.
பெரியவனை உறையில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காண்டர்ஸ்டெக்கில் இறங்கி,
தொங்குபெட்டியில் ஏறி, மிச்சம் நடந்து,
முழங்கால் ஒரு சொல் பேசாமல் ஏரிக்கு வந்தோம்.
பாறைச் சுவர் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கியிருந்தது.
மூடியைக் கழற்றினேன்.

அட்டையில் இடமில்லை என்றது கமரா.

உள்ளே பிரணவன் கல்யாணம்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு படங்கள்,
வீட்டில் இன்னும் இறக்கவில்லை.
வெறும் அட்டைகளோ
பெரியவனின் உறைப் பையில், அலுமாரியில்.

எண்ணிப் பார்த்தால் பதினொன்றுக்கு இடம்.

ஒரு சொந்தக்காரரை அழித்தால்
ஒரு மலைக்கு இடம் வரும்.
கல்லில் குந்தியிருந்து விரலால் தள்ளிப் பார்த்தேன்:
பந்தியில் வாய் திறந்த பெரியப்பா,
மொய்ப்பெட்டியை விட்டுக் கண்ணெடுக்காத சித்தப்பா,
பூத்தட்டோடு நித்திரையான குழந்தை.
ஒருத்தரையும் அழிக்கக் கை வரவில்லை.

அகன்ற லென்சில் ஆறு எடுத்தேன்.
மண்டபத்தைப் பெரிதாக்கிய அதே கெட்டித்தனம்
மலையைப் பொட்டளவாக்கியிருந்தது.
பிறகு எண்பத்தைந்தை மாட்டி
மலையை விட்டுத் திரும்பினேன்.
வதனி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்,
தோல் அறாமல் ஒரே சுற்றாய்,
ஏரி பின்னால் வெறும் நீலமாய்க் கரைய.
ஐந்தும் அவளுக்கே போயிற்று.

திங்கள் இரவு, தூக்கக் கலக்கத்தில்,
அட்டையை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.
செவ்வாய் காலை பிரணவன் எடுத்தான்.
"அண்ணை, படமெல்லாம் நல்ல வடிவு.
மலை ஆறும் மணவறைச் சீலைக்கு எடுத்தது எண்டு விளங்குது.
கடைசியில தோடம்பழம் உரிக்கிற அக்கா ஆர்?
எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் தெரியேல்ல.
பொம்பிளைப் பகுதியோ?"