பதினேழு பி

என் இருக்கையில் ஒரு கோட்டு கிடந்தது.
பச்சை. ஒரு பொத்தான் இல்லை.
"எக்ஸ்கியூஸ் மீ" என்றேன்
உரிமையுள்ளவன் சொல்கிற தொனியில்.
ஜன்னலோரம் இருந்தவள் என்னைப் பார்த்தாள்,
என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்,
எனக்குப் பின்னால் பெட்டிகளோடு நெளிந்த
வரிசையைப் பார்த்தாள்.
பிறகு கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
மடி என்று பெரிதாக ஒன்றுமில்லை.
வயிறு முடிகிற இடத்தில்
முன்சீட்டு தொடங்கிவிட்டது.

மினியாப்பொலிஸில் அன்று மைனஸ் இருபத்தாறு.
பிஸ்மார்க்குக்கு அதுதான் கடைசி விமானம்.
முந்தையதை ரத்து செய்திருந்தார்கள்.
நான்கு மணி நேரம் காத்துக் கிடந்து,
கூப்பிட்ட பெயர் என்னுடையதுதானா என்று
இரண்டு முறை கேட்டுவிட்டு ஓடி வந்தவன் நான்.
தானியத்தின் ஈரம் அளக்கும் கருவி விற்கிறேன்.
அந்த வாரம் ஒன்றும் போகவில்லை.

உட்கார்ந்து கைப்பிடியை இறக்கினேன்.
இறங்கவில்லை. அவள் மேல் நின்றது.
மறுபடி அழுத்தினேன்,
நிறைந்துவிட்ட பெட்டியை மூடுவதுபோல.
"கொஞ்சம் இருங்கள்" என்று
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவள் தோள் என் தோள்மேல் சாய்ந்தது.
சாயவில்லை, இருந்தது. அவ்வளவுதான்.
நான் பாதி உடம்பை நடைபாதையில் தொங்கவிட்டேன்,
எல்லோருக்கும் தெரியட்டும் என்று.
பான வண்டி முழங்கையை உரசியபோது
தேவைக்கு மேலேயே "ஆ" என்றேன்.

மனத்துக்குள் ரசீது எழுதத் தொடங்கினேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் கொடுத்தது
பதினேழு அங்குல அகலத்துக்கு.
வந்து சேர்ந்தது பதிமூன்று.
மீதி நான்கை
எத்தனை வறுவல் பொட்டலங்கள் தின்றன?
தன் உடம்புக்குத் தானே பொறுப்பு இல்லையா ஒரு மனுஷி?
நான் நடக்கிறேன் (ஞாயிறு மட்டும்).
நான் இனிப்பைத் தொடுவதில்லை
(டாக்டர் பயமுறுத்திய பிறகு).

பெல்ட்டுக்கான நீட்டிப்புப் பட்டையைப் பணியாளர்
கைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்,
கள்ளச் சரக்கைப்போல.
அவள் வாங்கினாள். பழகிய கை.
கொக்கி விழுந்த சத்தம் மட்டும்
நான்கு வரிசைக்குக் கேட்டது.

ஃபார்கோவின் விளக்குகள் கீழே போனபோது
தேனீ வளர்ப்பு பற்றிய புத்தகமொன்றைத் திறந்தாள்.
பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த சீட்டு
நழுவி என் ஷூவின் மேல் விழுந்தது.
குனிய அவளுக்கு இடமில்லை.
நான் எடுத்தேன். ஒன்றல்ல, இரண்டு.

ட்வெய்ட், லோர்னா. 17ஏ.
ட்வெய்ட், லோர்னா. 17பி.

என் சட்டைப்பையிலிருந்ததை
எடுத்துப் பார்க்கவில்லை.
எண் எனக்குத் தெரியும்.

"இது..." என்றேன்.
"ஆமாம்" என்றாள்.
"சொல்லியிருக்கலாமே?"
"வாசலில் சொன்னேன்.
கூட்டம் அதிகம், ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள்.
எழுதிப் போட்டால் பணம் திரும்ப வருமாம்.
இங்கேயும் சொல்லியிருக்கலாம்.
உங்கள் பின்னால் முப்பது பேர் நின்றார்கள்.
எனக்கு ஏன் இரண்டு என்பதை
அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்."

பக்கத்தைத் திருப்பினாள்.
"நீங்களும் வீட்டுக்குப் போகவேண்டியவர்தானே."
அதில் இருந்தது அன்பா அலுப்பா,
இன்றுவரை பிடிபடவில்லை.

பொறுப்பு, பொறுப்பு என்று
நான் கணக்கெழுதிய நேரமெல்லாம்
பொறுத்துக்கொண்டிருந்தது அவள்.

கைப்பிடியைத் தூக்கினேன்.
அவள் கையில் சிவப்பாக ஒரு கோடு.
பிடித்து வைத்திருந்த மூச்சு
அப்போதுதான் வெளியே வந்தது.

அதனால் இடம் ஒன்றும் கூடிவிடவில்லை.
என் இடுப்பு வலித்தது.
அதையும் சொல்லியாக வேண்டும்.
மன்னிப்பு என்ற சொல்
தொண்டைவரை வந்து, தரையிறங்கும் அறிவிப்பில்
மூழ்கிப்போனது. மூழ்கவிட்டேன்.

பிஸ்மார்க்கில் எல்லோரும் எழுந்தார்கள்.
அவள் எழவில்லை. எப்போதும் கடைசியாகத்தானாம்.
வரிசை என்னைத் தள்ளியது, நகர்ந்தேன்.
கதவருகே திரும்பிப் பார்த்தேன்:
காலியான பதினேழு பி-யின் மேல்
அவள் தன் பச்சைக் கோட்டை
நிதானமாக விரித்துக்கொண்டிருந்தாள்.